ஹாரியட்டுக்காக ஒரு கோப்பை

"அந்த எருமை உட்கார்ற மேஜையில என்னால உட்கார முடியாதுடா ஆப்ரி. என் நாற்காலியை வேற எங்கேயாவது போடச் சொல்லு!"

லயனல் கத்திய கத்தலில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெக்ஸ்கோம் பள்ளியின் பழைய மாணவர் விருந்து அது. அதே சாப்பாட்டுக் கூடம். நாற்பது வருஷமாகியும் வேகாத அதே ஆட்டிறைச்சி.

"யாரை எருமைங்கிறான்னு கேளு ஆப்ரி" என்றார் மறுபக்கம் இருந்த டெஸ்மண்ட்.

"உன்னைத்தான். இதுல என்னடா சந்தேகம்?" என்றார் பிஷப் ஆப்ரி. "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க."

இருவருக்கும் நடுவில் அவர் வேண்டுமென்றேதான் இடம் பிடித்திருந்தார். லயனலின் மகன் ரூஃபஸுக்கும் டெஸ்மண்டின் மகள் இமோஜனுக்கும் செப்டம்பரில் கல்யாணம். நடத்தி வைக்கப்போவது ஆப்ரி. அவன் வந்தால் நான் வரமாட்டேன் என்று அப்பாக்கள் இருவருமே சொல்லிவிட்டார்கள். போன வாரம் இமோஜன் அவர் வீட்டுக்கே வந்து, "அப்பா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம் அங்கிள்" என்று அழுதுவிட்டுப் போயிருந்தாள். அதிலிருந்து ஆப்ரிக்குச் சரியான தூக்கமில்லை.

"பிள்ளைங்க என்னடா பாவம் பண்ணாங்க?" என்றார்.

"அவங்களை நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் லயனல். "ஆனா ஹாரியட்டை என்கிட்டேருந்து பறிச்சவனை எப்படிடா சம்பந்தின்னு கூப்பிடறது?"

"பறிச்சேனா? நானா?" டெஸ்மண்டின் முள்கரண்டி தட்டில் விழுந்தது. "கடைசி வருஷ நடன விருந்துல அவ முதல்ல ஆடினது யாரோட? என்னோட! மூணு ஆட்டம்! நாலாவதுல இவன் குறுக்கே பூந்து இழுத்துட்டுப் போனான்."

"அவளேதான் வந்தா. இவன் வந்து என் தலையில பழரசத்தைக் கவுத்தான். நான் ஒண்ணு விட்டேன். அவ பயந்து ஓடிட்டா. மறுநாளே அயர்லாந்துக்குப் போயிட்டதா சொன்னாங்க."

"சங்கீத வாத்தியாரோட அக்கா பொண்ணு" என்று பெருமூச்சு விட்டார் டெஸ்மண்ட். "செம்பட்டை முடி, பச்சை கவுன். தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல். அந்தக் குரல்லதான் நான் விழுந்தேன்."

"நானும்தான்" என்றார் லயனல், தன்னையறியாமல்.

ஆப்ரிக்கு வியர்த்தது. ஒயினை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று ஊற்றிக்கொண்டார்.

"இதெல்லாம் உங்க பெண்டாட்டிமாருக்குத் தெரியுமா?"

இரண்டு பேரும் சட்டென்று ஆட்டிறைச்சியில் மும்முரமானார்கள்.

"அறிவிருக்காடா உங்களுக்கு? ஒரே ஒரு சாயங்காலம் பார்த்த பொண்ணு. அதுக்காக நாற்பது வருஷமா எலியும் பூனையுமா? இப்ப அவளுக்கும் உங்களை மாதிரியே தொப்பையும் பொய்ப்பல்லும் இருக்கும்."

"டேய்!" என்றார் லயனல்.

"பார்த்துப் பேசு" என்றார் டெஸ்மண்ட்.

"உண்மையைச் சொல்றேன். அவ அப்படியொண்ணும் அழகியும் இல்ல. உங்க ரெண்டு பேரையும் அவ ஒரு பொருட்டாவே நினைச்சிருக்க மாட்டா. எப்படா வெளியே ஓடுவோம்னுதான் இருந்திருக்கும்."

லயனலின் முகம் சிவந்தது. ஆப்ரியின் தலைக்கு மேலாக எட்டி, நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக, டெஸ்மண்டிடம் நேராகப் பேசினார்.

"கேட்டியாடா இவன் பேசறதை?"

"கேட்டேன், கேட்டேன்!" டெஸ்மண்டும் எட்டினார். "ஹாரியட்டோட மனசைப் பத்தி இவனுக்கு என்னடா தெரியும்? அன்னிக்கு இவன் விருந்துக்கே வரல. காய்ச்சல்னு போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தான்!"

"அதானே! அவ கையை ஒரு தடவை பிடிச்சிருந்தா இப்படிப் பேசுவானா?"

"எவ்வளவு மெத்துனு இருக்கும்டா அந்தக் கை!"

"ஆமாடா டெஸ்மண்ட். பூ மாதிரி!"

இருவர் கண்ணிலும் நீர் கோத்துக்கொண்டது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிஷப்பின் மூக்குக்கு முன்னால் இரண்டு கைகள் நீண்டு பற்றிக்கொண்டன.

"அன்னிக்கு உன்னை அடிச்சிருக்கக் கூடாதுடா" என்றார் லயனல்.

"நான் பழரசத்தை ஊத்தினதும் தப்புதான். விடு. செப்டம்பர்ல என் பொண்ணு உன் வீட்டுக்கு வர்றா. நல்லாப் பார்த்துக்கோ."

"என் பொண்ணு மாதிரிடா அவ."

ஆப்ரி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாரக்கணக்கில் ஜெபம் பண்ணியும் நடக்காதது, நாலு வார்த்தை வைததில் நடந்துவிட்டது. இனி இமோஜனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லலாம்.

லயனல் கோப்பையோடு எழுந்தார். "எல்லாத்துக்கும் காரணம் அவதான். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும். ஹாரியட்டுக்காக!"

"ஹாரியட்டுக்காக!" என்று டெஸ்மண்டும் எழுந்தார். பக்கத்து மேஜைக்காரர்கள்கூட விஷயம் புரியாமலே எழுந்து நின்றார்கள். ஆப்ரி மட்டும் அசையவில்லை.

"எழுந்திரிடா! ஒரு பொண்ணுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதா? நீயெல்லாம் ஒரு பிஷப்பு!" என்று அதட்டினார் டெஸ்மண்ட்.

"மரியாதை தெரிஞ்சுதான்டா உட்கார்ந்திருக்கேன்" என்றார் ஆப்ரி. "யாருக்காகக் கோப்பையைத் தூக்கறாங்களோ, அவங்க எழுந்திரிக்கக் கூடாது. அன்னிக்கு அந்தப் பச்சை கவுனைப் போட்டிருந்த எனக்காக நீங்க குடிக்கும்போது, நானே எப்படிடா எழுந்து நிக்கிறது?"