நாலு முகவரி ரித்திக்

எங்கள் எதிர் ஃபிளாட் ரித்திக்குக்கு வீட்டு சர்வரில் நாலு முகவரி. ஒரே நேரத்தில் நாலு விசேஷத்துக்கு, அசல் ஆள் மாதிரியே அவருடைய ஒளி உருவம் போய் உட்கார்ந்துவிடும். மனுஷன் மட்டும் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

போன முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம். நாலாவது, அவருடைய மாமனார் இறந்துபோன வீடு. மனைவி தன்ஷிகா கிளம்பும்போதே கெஞ்சினாள். "எங்கப்பாவுக்காவது நீங்களே நேர்ல வாங்க."

"எங்கிருந்து அழுதா என்ன, அழுறது நான்தானே?" என்றார். கதவு திறந்திருந்தது, காதில் விழுந்தது.

முகவரிதான் நாலு, பதிந்துவைத்த விடைபெறும் வாசகம் நாலுக்கும் ஒன்றுதான் என்பதை மறந்துவிட்டார். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தானே எழுந்து வருவோம்? பாடை கிளம்பியதும் இவர் உருவம் எல்லாரையும் கும்பிட்டு, "ரொம்பச் சந்தோஷம், போயிட்டு வர்றேன்" என்றதாம்.

"அடுத்து யாருக்கு மாமா வரப்போறீங்க?" என்று கேட்டானாம் மச்சினன் மித்ரன். தன்ஷிகா தலை நிமிரவே இல்லையாம்.

காரியமெல்லாம் முடிந்தும் அவள் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அங்கிருந்தபடியே இந்த வீட்டு சர்வரில் ஐந்தாவது முகவரி ஒன்று போட்டு, புருஷனிடம் தன் உருவத்தை மட்டும் அனுப்பிவைத்திருக்கிறாள். என்னிடம் மட்டும் போனில் சொன்னாள்.

அந்த உருவம் வந்து இன்றோடு எட்டு நாள். நேற்று சாப்பாட்டுப் பார்சல் வாங்கக் கதவைத் திறந்த ரித்திக்கிடம், "தன்ஷிகா எப்படியிருக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

"ஊருக்குப் போயிட்டு வந்ததிலேருந்து சண்டையே போடறதில்லைக்கா" என்றார், பெருமையாக.