அட்டையின் மறுபக்கம்

“நான் ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்” என்றாள் ஜெபகுமாரி, உறுதிமொழி அட்டையைக் கையில் வாங்கியதும்.

கீரிப்பாறை எஸ்டேட்டில் சபையின் பெண்கள் சங்கம் மாதம் ஒருமுறை கூடும். தொடங்கும்போது ஒருத்தி எழுந்து சங்கத்தின் உறுதிமொழியை வாசிக்க வேண்டும். இந்த மாதம் ஜெபகுமாரியின் முறை.

முன்வரிசையில் இருந்த ஜெஸ்பின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் காதில் ஒரு சங்கதி விழுந்தால், சாயங்கால பஸ் மலையிறங்குவதற்குள் எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும்.

“என்னத்தட்டி ஏமாத்தின?”

“எனக்கு வாசிக்கத் தெரியாது. இத்தன வருசமும் மனப்பாடமாத்தான் சொன்னேன்.”

பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்குப் பதில் ரப்பர் காட்டுக்குப் போனவள். ஊரில் எல்லோரும் படித்திருக்கும்போது, தனக்கு எழுத்துத் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வாள்? மற்றவர்கள் வாசிக்கக் கேட்டுக் கேட்டே ஒன்பது வரியையும் பாடம் பண்ணிவிட்டாள். முதல் தடவை அவள் முறை வந்தபோது அட்டையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

“நல்லா வாசிச்ச மக்கா” என்றார் செயலாளர் லில்லிபாய் டீச்சர்.

அந்தப் பாராட்டு இத்தனை வருடமும் அவளை முள்ளாய் உறுத்தியது.

இன்றைக்கும் அப்படியே ஒப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனால் எட்டு மாதமாக, ரப்பர் பால்வெட்டு முடிந்த மத்தியானங்களில், மருமகள் சுபிதாவிடம் அவள் எழுத்துப் படித்திருந்தாள். பொய்யாய் வாசித்த அதே இடத்தில் ஒருமுறையாவது நிஜமாய் வாசித்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

“இப்பம் கொஞ்சம் படிச்சிருக்கேன். தெத்து வந்தா பொறுத்துக்கிடுங்க.”

வாசித்தாள். ‘ஒருவருக்கொருவர்’ என்ற இடத்தில் மூன்று தடவை முட்டிக்கொண்டு நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவளே வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஒன்பதாவது வரி முடிந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

மூச்சு விட்டுக்கொண்டு அட்டையைத் திருப்பினாள். திகைத்துப் போனாள். பின்பக்கமும் அதே எழுத்து, அதே ஒன்பது வரி.

“டீச்சர், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம்னுதான சொன்னிய? நம்ம சூசம்மாவெல்லாம் பின்னால பாத்துத்தான வாசிப்பா?”

லில்லிபாய் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது பழைய அட்டை. மலையாளக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு எழுதியாச்சு. ஒம்பது வருசம் இருக்கும்.”

“எதுக்கு?”

ஜெஸ்பின்தான் பதில் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“மொத தடவ நீ வாசிக்கும்போ அட்டையப் பக்கம் மாத்திப் பிடிச்சிருந்தட்டி. ஒன் கண்ணுக்கு நேர மலையாளம். எதுர இருந்த எங்களுக்குத் தமிழ்.”

ஜெபகுமாரி ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள். முப்பது பேர். ஒன்பது வருடம். ஒருத்திகூட, இந்த ஜெஸ்பின்கூட, மூச்சு விடவில்லை. கண் நிறைந்துவிட்டது. இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

லில்லிபாய் டீச்சர் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

“நீ எந்தப் பக்கம் பிடிச்சாலும் சரியா இருக்கணும்லா மக்கா. அதுக்காக்கும் ரெண்டு பக்கமும் தமிழ்ல எழுதினேன்.”