துவைக்காத நைட்டி

மஸ்கட்டுக்கு வீட்டுவேலைக்குப் புறப்பட்ட அன்று, "போகாதம்மா" என்று காலைக் கட்டிக்கொண்ட ஜெனிட்டாவிடம், அம்மா தான் கழற்றிய நைட்டியைத் துவைக்காமல் கொடுத்தாள். "அம்மா வாசம் இருக்கும். கட்டிப் பிடிச்சிட்டுத் தூங்கு. பழகிரும்." அம்மா போனபின் அவளை வளர்த்த சித்தி அதைத் துவைக்க எடுத்தபோது, சித்தியின் கையை ஜெனிட்டா கடித்து வைத்தாள். வாசம் போய், துணி நைந்து, உள்ளங்கையகலக் கந்தலான பிறகும் அது தலையணைக்கடியில்தான் இருந்தது. ஆறாம் வகுப்பில் ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா வந்திருந்தாள். படுக்கையில் புத்தம்புதிய பஞ்சுக் கரடி உட்கார்ந்திருந்தது. "தலையணைக்கடியில என்னடி அது, கரித்துணி மாதிரி? தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். இன்னைக்கு எங்கிட்டதான் படுக்கணும், என்ன?" ஜெனிட்டா அழவில்லை. உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, வியர்த்து நனைந்த சீருடைச் சட்டையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்தாள். "என் வாசம் இருக்கும். கட்டிப் பிடிச்சிட்டுத் தூங்குங்க" என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல. "பழகிரும்." பிறகு சித்தியின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். அம்மாவின் கையில் சட்டை இன்னும் சூடாக இருந்தது.