ஸ்டியரிங் ஆடுது

“இன்னும் ஆடுது லா, தர்மாண்ணே! நேரா விட்டா பாம்பு மாதிரி போகுது!”

படகுத்துறையில் போட்டை விட்டு இறங்கும்போதே நாச்சியப்பன் கத்தினார். கறுப்புக் கண்ணாடி, விரலில்லாத தோல் கையுறை, நெஞ்சில் நெருப்பு வரைந்த சிவப்புச் சட்டை. இப்போதுதான் பந்தயத்தில் முதலாவதாக வந்து இறங்கியவர் மாதிரி இருந்தார்.

தர்மாவுக்குக் கையிலிருந்த ஸ்பேனரை ஆற்றில் வீசலாம் போல வந்தது. ஆயர் தாவாரில் சொந்தமாகப் பட்டறை போட்ட பிறகு அவனை நம்பி வந்த முதல் ரேஸ் போட் இது. அதுவே அவன் பெயரைக் கெடுத்துவிட்டுத்தான் ஓயும் போலிருந்தது.

ஈப்போவில் வியாபாரம் செய்யும் நாச்சியப்பன், ஆசைப்பட்டுப் பழைய போட்டாகப் பார்த்து வாங்கியிருந்தார். வந்தபோது ஸ்டியரிங் உண்மையிலேயே லூசுதான். முன்னால் கால் சுற்றுச் சுற்றினாலும் பின்னால் எஞ்சின் அசையாது. தர்மா கேபிளை மாற்றினான், தேய்ந்த புஷ்களைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது போட்டான், ஒரு நட்டு விடாமல் முறுக்கினான்.

ஒப்படைத்த அன்று, பட்டறை வழக்கப்படி அவனே தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினான். ஸ்டியரிங்குக்கு முன்னால் வெற்றிலை வைத்து, அதன்மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தான். வாடிக்கையாளர் எல்லாருக்கும் சொல்லும் நாலு நல்ல வார்த்தையைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தான்.

அதோடு விட்டதா சனியன்? வாரம் தவறாமல் நாச்சியப்பன் படகுத்துறைக்கு வருவார். தனியாக ஒரு சுற்று போவார், ஆற்று வளைவு வரைக்கும் போய்க் கண்ணுக்கு மறைவார், அதே பல்லவியோடு திரும்பி வருவார்.

தர்மாவும் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவான். அவன் வேலையை முடிக்கும் வரை நாச்சியப்பன் பூசைப் பழத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பக்திமானாக நிற்பார். பூட்டியதும் அதே வெற்றிலையில் அலுங்காமல் வைப்பார்.

இன்றைக்கும் தர்மா பின்னால் போய் எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். முன்னால் ஸ்டியரிங்கும் கூடவே திரும்பியது. நூலிழை ஆட்டம்கூட இல்லை.

“நீங்களே பாருங்க பாஸ். கல்லு மாதிரி இருக்கு.”

“கட்டி வச்ச போட்டு கல்லு மாதிரிதான் இருக்கும். ஓட்டுனாத்தானே தெரியும்?”

“எத்தன தடவதான் கழட்டுறது? இனிமே மாத்துறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல பாஸ்.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? ஞாயித்துக்கெழம கூட்டாளிங்க எல்லாம் போட்ட எடுத்துக்கிட்டு பங்கோர் தீவுக்குப் போறாங்க. அவங்க முன்னால நான் இப்படி ஆடிக்கிட்டுப் போனா மானம் போயிரும் லா. இன்னைக்குச் சரியாவலன்னா வேற கடைக்கு இழுத்துட்டுப் போறேன். ஏன்னு கேக்குறவங்ககிட்ட காரணத்தையும் சொல்லிருவேன்.”

கடைசி வார்த்தை தர்மாவைச் சுட்டது. படகுத்துறையில் ஒருவர் வாயில் விழுந்தால் போதும், அடுத்த வாரமே பட்டறையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். எத்தனையோ வருடம் அடுத்தவன் கடையில் கிரீஸ் பூசிக்கொண்டு கிடந்துவிட்டு, இப்போதுதான் தன் பெயரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறான்.

போட்டைக் கட்டி வைத்த இடத்திலேயே எந்தக் கோளாறையும் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவனுக்கு ஒரு கர்வம் உண்டு. இன்று அதை மூட்டை கட்டினான்.

“ஏறுங்க பாஸ். நானும் வாரேன்.”

போட் கிளம்பியது. நாச்சியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். போட் இடது பக்கம் போனது, அவர் வலது பக்கம் திருப்பினார். வலது பக்கம் போனது, இடது பக்கம் திருப்பினார்.

“பாத்தீங்களா? ஆடுதா, இல்லையா?”

ஆடத்தான் செய்தது. தர்மா தலையில் கை வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தான். கரையில் கூடையோடு நடந்து போன ஒரு மனிதர் நிதானமாக இவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

“பாஸ்… எப்பவும் இந்த வேகத்துலதான் ஓட்டுவீங்களா?”

“ஆமா. ஏன்?”

“அலாமாக்! ரேஸ் போட்டுக்கு அடி கூர்மையா இருக்கும் பாஸ். இப்படி மெதுவா, பெலான் பெலானா ஓட்டுனா, நீங்க எத மாத்துனாலும் அது அலையத்தான் செய்யும். ஓட விட்டாத்தான் நேரா நிக்கும்!”

பதிலுக்குக் காத்திராமல் வேகம் கூட்டும் கம்பியை முன்னால் தள்ளினான். எஞ்சின் உறுமியது, போட் மூக்கைத் தூக்கிக்கொண்டு கோடு போட்ட மாதிரி நேராகப் பாய்ந்தது. ஸ்டியரிங் இம்மியும் ஆடவில்லை. தர்மாவுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது.

அதற்குள் நாச்சியப்பன் கத்திவிட்டார். ஒரு கையால் கம்பியைப் பின்னால் இழுத்தார், முன்னால் பாய்ந்து இன்னொரு கையால் எதையோ பொத்திக்கொண்டார். போட் மறுபடி தவழ ஆரம்பித்து, மறுபடி அலைந்தது.

தர்மாவுக்கு வந்த ஆத்திரத்தில் வாடிக்கையாளர் என்ற மரியாதைகூடப் பறந்துவிட்டது.

“இவ்வளவு பயந்தவரு எதுக்குய்யா ரேஸ் போட்டு வாங்குனீங்க? வாரா வாரம் என் உயிர எடுக்குறதுக்கா?”

நாச்சியப்பன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஒரே குழப்பம். கையுறை போட்ட கையை மெதுவாகத் திறந்து காட்டினார். உள்ளே, காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம்.

“இது கீழ விழவே கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க!”