காலி பிஸ்கட் பாக்கெட்

வெளிநாட்டு விடுதியின் ஏழாவது மாடி. விமான நிலையத்துக்குப் போகும் கார் கீழே காத்திருக்கிறது. ஜன்னல் வெயிலில் கட்டில் முழுக்கத் துணிகள் இறைந்து கிடக்க, கணவர் காலுறைகளைக்கூட விடாமல் உதறிப் பார்க்கிறார். பாஸ்போர்ட்டுகளைக் காணோம். "பெட்டியிலதானே வச்சேன்?" "திருடன் முதல்ல அங்கதாங்க கை வைப்பான். நான்தான் மாத்தி வச்சேன்." "எங்க?" மனைவி நெற்றியைத் தேய்க்கிறாள். மூன்று நாளில் நான்கு இடம் மாற்றியிருக்கிறாள். தலையணை உறை, குடை, ஷூ... "ஆங், காலி பிஸ்கட் பாக்கெட்! குப்பைன்னு நினைச்சு எவனும் தொடமாட்டான்ல?" காலுறையோடு அவர் கை அந்தரத்தில் நிற்கிறது. உள்ளே கனமாகத் தட்டுப்பட்டதை மிச்ச பிஸ்கட் என்று நினைத்து, நமுத்திருக்கும் என்று காலையில் அதைக் குப்பைக்கூடையில் போட்டது அவர்தான். இருவரும் மேசைக்கடியில் குனிகிறார்கள். கூடையில் துப்புரவுப் பணியாள் மாற்றிவிட்டுப் போன புதுப் பை, ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.