மந்திரம் தீர்ந்த பூசாரி

“மந்திரம் சொல்லி முடிச்சாச்சுல்ல? அப்புறம் எதுக்கு இங்க நிக்கிறான்? முன்னால போகச் சொல்லு” என்றார் உமாசங்கர்.

பூசாரி இருட்டில் நாலடி வைத்தான். மேலேயிருந்து பாறாங்கல் விழுந்தது. உமாசங்கர் பிஸ்கட்டை டீயில் நனைத்து, உடையாமல் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

“செத்துட்டான் சார்” என்றாள் தாரிணி. மேஜையில் விரித்திருந்த வரைபடத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டாள்.

மாரெட்பள்ளியில் தாரிணியின் ஃப்ளாட்டில் ஞாயிறு மதியம்தோறும் நடக்கிற விளையாட்டு அது. தாரிணி கதை சொல்வாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பாதாளக் கோட்டைக்குள் போவார்கள். பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில்.

மேல்வீட்டு உமாசங்கர் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் மேலாளர். இங்கே அவர் மாவீரன் மார்த்தாண்டன், இந்தக் கூட்டத்தின் தலைவன். அவருடைய வீரனுக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, வர்ணம் பூசிய பொம்மை. அவர் கூலிக்குப் பிடித்துவந்த சின்னப் பூசாரிகளுக்குத் தாரிணியின் சமையலறைப் புளியங்கொட்டை.

சின்னப் பூசாரி என்றால் கற்றுக்குட்டி. காயம் ஆற்றும் மந்திரம் நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் பலிக்கும். அதனால் உமாசங்கர் ஒருவனோடு நிற்காமல் ஒரு கும்பலையே ஓட்டிவந்திருந்தார். மந்திரம் இருக்கிறவரை பக்கத்தில் வைத்துக்கொள்வார். தீர்ந்ததும் பொறி எங்கே இருக்கிறதென்று மிதித்துப் பார்க்க முன்னால் தள்ளிவிடுவார். இதில் அவருக்குப் பெருமை வேறு.

“பாவம்லா சார்” என்றான் ஆண்டனி. நாகர்கோவிலிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவன், வாள்வீரனாக ஆடுகிறவன். “ஒரு பேராவது வச்சிருக்கலாம்.”

“பேர் எதுக்கு? என் பிளான்ட்டுல ஒருத்தன் போனா கேட்டுக்கு வெளில பத்து பேர் நிக்கிறான். பேர் கேட்டுக்கிட்டா இருக்கேன்? கூலிக்கு வந்தவன் தலைவன் சொன்னதைச் செய்யணும். தாரிணி போட்ட ரூல்தானே.”

“ஹவ், ரூல்தான். ஆனா இது ரொம்ப ஓவர் அங்கிள்” என்றாள் சுஷ்மா. இந்த ஊர் லோத்குண்டாவிலேயே பிறந்து வளர்ந்தவள்; ‘ஆமா’ என்பதற்கு ‘ஹவ்’தான் வரும்.

“கழுதைக்காரியோட அபிப்பிராயம் எனக்கு வேண்டாம்” என்றார் உமாசங்கர்.

போன மாதம் சுஷ்மாவின் வில்லாளி பாம்புக் குழியில் விழுந்து செத்துப்போனாள். அன்றிலிருந்து அந்த வில்லாளியின் மூட்டைகளைச் சுமந்துவந்த கழுதைக்காரியாகத்தான் சுஷ்மா ஆடிக்கொண்டிருந்தாள். உமாசங்கருக்கு அதைச் சொல்லிச் சிரிக்காவிட்டால் டீ இறங்காது.

இன்றோடு கதை முடிகிறது. எதிரே தெரியும் கடைசிக் கதவுக்குப் பின்னால் கிரீடம் இருக்கிறது. ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளை உமாசங்கர் அந்தக் கிரீடத்துக்காகத்தான் செலவழித்திருந்தார். ஜரிகைக் காகிதத்தில் குட்டிக் கிரீடம் ஒன்றைத் தானே வெட்டி, பொம்மையின் தலையில் ஒட்டுவதற்குப் பசையோடு வந்திருந்தார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு பூசாரி. அவனையும் விரலால் கதவைப் பார்த்துத் தள்ளினார்.

“சார், இவன் இன்னும் மந்திரம் சொல்லல. பக்கத்துல வச்சுக்கிடுங்க” என்றான் ஆண்டனி.

“கதவுல பொறி இருக்கான்னு யாரு பாக்கறது, நீயா? எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. மந்திரத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

புளியங்கொட்டை தன்னந்தனியாகக் கதவருகே போய் நின்றது.

தாரிணி பகடையை உருட்டினாள். கூரையிலிருந்து ராட்சதச் சிலந்தி நேராக மார்த்தாண்டன் முதுகில் இறங்கியது. அடுத்த உருட்டலில் விஷம் ஏறியது.

“பூசாரி, மந்திரம்” என்று கத்தினார் உமாசங்கர்.

“தொட்டாத்தான் சார் பலிக்கும். அவன் கதவுகிட்ட இருக்கான்” என்றாள் தாரிணி.

“ஓடி வரச் சொல்லு.”

“ஓடி வரான். அதுக்குள்ள விஷம் தலைக்கு ஏறிடுச்சு.”

ஆண்டனியின் வீரன் சிலந்தியை வெட்டிச் சாய்ப்பதற்குள் அவனுக்கும் நல்ல காயம். மார்த்தாண்டன் செத்தே போயிருந்தான். தாரிணி வர்ணப் பொம்மையை எடுத்துப் பெட்டியில் படுக்கவைத்தாள்.

உமாசங்கர் முகம் சுண்டிப்போய் எழுந்தார். “குழந்தைங்க விளையாட்டு. எனக்கு வேற வேலை இல்லையா?”

“உக்காருங்க சார். செத்தவங்க அவங்கவங்க கூலியாளா ஆடலாமே. சுஷ்மா ஆடறாளே.” தாரிணி புளியங்கொட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். “இது நீங்க. இனிமே ஆண்டனிதான் தலைவர்.”

உமாசங்கர் கொட்டையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் கிரீடம் இன்னும் இருந்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

“காயத்துக்கு மந்திரம் போடுங்க சார்” என்றான் ஆண்டனி.

கூலிக்கு வந்தவராயிற்றே, போட்டார். ஆண்டனியின் காயம் ஆறியது.

உடனே உமாசங்கருக்குத் தெம்பு வந்துவிட்டது. “இவனைச் சாதாரணமா நினைக்காதீங்க” என்று தொண்டையைச் செருமினார். “இவன் உண்மையிலே ராஜ வம்சம். சின்ன வயசுல கோயில்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. இவன் பேரு...”

ஆண்டனி டீயை ஊதி ஒரு வாய் குடித்தான்.

“பேர் எதுக்கு சார்? மந்திரம் முடிஞ்சாச்சுல்லா, முன்னால போங்க.”