ஃபெலிமுக்கு ஒரு அப்பா

"ஃபின்னா? எங்க பக்கம் அது நாய்க்கு வைக்கிற பேரு," என்றாள் கடைக்கார நாப்லா, பன்றி இறைச்சியைச் சீவிக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது.

காலையில்தான் என் நாவலை வாங்கிய பதிப்பகத்துக்காரி போனில் பிடித்துக்கொண்டாள். டோனகல் கடற்கரையில் வலை இழுக்கிற பையனுக்குப் போய் ஜேசன் என்று வைத்திருக்கிறீர்களே, அசல் ஐரிஷ் பெயராக ஒன்று வேண்டும், அதுவும் இன்றைக்கே வேண்டும் என்றாள். இணையத்தில் தேடினேன். எந்தப் பெயரைத் தொட்டாலும் வீரன், நெருப்பு, ஓநாய் என்றே பொருள் போட்டிருந்தது. என் நாவல் பையன் பாவம், மீன் பிடிக்கிறவன்.

கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. டப்ளினிலிருந்து இந்த டோனகல் கரைக்கு வந்து இருபது வருடமாகியும் ஊருக்கு நான் இன்னும் "வாத்தியார் வீட்டுல இருக்கிற பொம்பள"தான். அந்த வாத்தியார் செத்தது நான் பிறப்பதற்கு முன்னால். அதனால் வெட்கத்தை விட்டுக் கடையிலேயே கேட்டுவிட்டேன்.

"ஃபெலிம்னு வையேன் கண்ணு. நல்ல பழைய பேரு, இப்ப இங்க யாருக்கும் இல்ல," என்றாள் நாப்லா.

"ஃபெலிம் ஸ்வீனி," என்று சொல்லிப் பார்த்தேன்.

தபால்காரர் ஷேமி விழுந்து விழுந்து சிரித்தார். "ஸ்வீனியா! இங்க கல்லை விட்டெறிஞ்சா ஒரு ஸ்வீனி மண்டையிலதான் விழும். யாரு மகன்? அதைச் சொல்லு முதல்ல."

இந்த ஊர் வழக்கம் அது. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர். அதனால் ஆளின் பெயருக்குப் பின்னால் அப்பன் பெயர், அதற்கும் பின்னால் தாத்தன் பெயர். நாப்லா என்றால் யாருக்கும் விளங்காது. நாப்லா ஓவன் மானுஸ் என்றால்தான் அவள்.

என் நாவலில் பையனுக்கு அப்பனே கிடையாது. தேவைப்படவில்லை.

ஆளுக்கொரு அப்பனைக் கொடுத்தார்கள். ஃபெலிம் ஓவன் என்றால் தனக்குத் தம்பியாகிவிடுவான், நாளைக்குக் கடையில் பங்கு கேட்பான் என்று நாப்லா மறுத்துவிட்டாள். ஊரில் மிக்கி என்று ஒருத்தன், அவனுக்கு எல்லாம் பெண் குழந்தைகள். ஃபெலிம் மிக்கி என்று புத்தகத்தில் வந்தால் அவன் பெண்டாட்டி அவனை வீட்டுக்குள் விடமாட்டாள். டொனல் என்று வைக்கலாமா என்றேன்.

"டொனல்னு இங்க இருக்கிறது ஒருத்தர்தான். அவரு பாதிரியாரு," என்றார் ஷேமி. சிரித்துச் சிரித்து நாப்லாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அடுப்போரம் நின்ற ஹியூடி மட்டும் சிரிக்கவில்லை. எழுபதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், மேட்டு வீட்டில் ஒண்டியாக இருப்பவர். தினமும் அரை ரொட்டி வாங்க வருவார். வாங்கிய பிறகும் போகமாட்டார். நாலு பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பார். நானும் அதற்குத்தான் அந்தக் கடைக்குப் போகிறேன், என்ன, நான் வெளியில் சொல்வதில்லை.

அவர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்கலைன்னா என் பேரைப் போட்டுக்க தாயி. ஃபெலிம் ஹியூடி டொம். எங்க அப்பா பேரும் வந்துரும். சண்டைக்கு வர எங்க வீட்டுல யாரு இருக்கா?"

ஷேமிகூடக் கேலி செய்யவில்லை.

"ஃபெலிம் ஹியூடி டொம்," என்று நாப்லா மெல்லச் சொன்னாள், தெருவில் போகிற யாரையோ கூப்பிடுவது மாதிரி. ஹியூடியின் பெயர் இன்னொரு பெயருக்குப் பின்னால் வந்து இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மனிதர் காதுவரை சிவந்துபோனார்.

"சரிங்க," என்றேன்.

கதவுவரை போனவர் திரும்பினார். "பையன் என்ன பண்றான்? படகுக்கா போறான்?"

"ஆமாங்க, படகுதான்."

அவர் முகம் வாடிவிட்டது. இந்தக் கரையில் படகுக்குப் போகிறவர்கள் நீச்சல் கற்றுக்கொள்வதில்லை. கடல் இழுத்துவிட்டால் போராடிச் சாவானேன் என்பார்கள். ஹியூடியின் அண்ணன் மூழ்கிப்போனது கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். தம்பி இவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அவனுக்கு நீச்சல் கத்துக் குடு தாயி," என்றார். "எங்களுக்குத்தான் யாரும் கத்துக் குடுக்கல."

வீட்டுக்கு வந்து பெயரை அனுப்பினேன். பிரமாதம், இதோ மாற்றிவிட்டு அச்சுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று உடனே பதில் வந்தது.

கடைசி அத்தியாயத்தில் படகு கவிழ்ந்து பையன் செத்துப்போகிறான். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செதுக்கிய சாவு அது. அதற்காகத்தான் நாவலையே வாங்கினோம் என்று பதிப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். கடையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தனை வருடத்தில் இந்த ஊரில் என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

போன் செய்து அச்சை நிறுத்தச் சொன்னேன். கத்தினாள். கத்தட்டும் என்று வைத்துவிட்டேன்.

பிறகு முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு கோடையை எழுத ஆரம்பித்தேன். ஃபெலிமுக்கு ஏழு வயது. இடுப்பளவு தண்ணீர். கற்றுக்கொடுக்க வேண்டிய அப்பனுக்கும் நீச்சல் தெரியாதே என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு வழி? இரண்டு பேரையும் சேர்த்தே இறக்கினேன்.

"கையை விட்றாதடா," என்கிறார் ஹியூடி.